டார்டிங்டன் ஹால்: அளவாக வாழக் கற்றுக்கொடுத்த 600 வருஷ மாளிகையில் என்ன நடந்தது?

'இருப்பதை வைத்து, பூமியைக் கெடுக்காமல் வாழ்வது எப்படி?' இதை 30 ஆண்டுகளுக்கும் மேலாகச் சொல்லிக்கொடுத்த ஒரு கல்லூரி, பணப் பிரச்சினையால் தன் பட்டப் படிப்புகளை நிறுத்திக்கொண்டது. இங்கிலாந்தின் டெவன் பகுதியில், டார்டிங்டன் ஹால் என்ற பழைய மாளிகையின் எஸ்டேட்டில் இயங்கிவந்த ஷூமாக்கர் கல்லூரிதான் அது. 2024 ஆகஸ்டில், புதிய கல்வியாண்டு தொடங்கச் சில வாரங்களே இருந்தபோது இந்த அறிவிப்பு வந்தது.

எங்கோ இங்கிலாந்தில் ஒரு சின்னக் கல்லூரி மூடினால் நமக்கென்ன என்று தோன்றலாம். ஆனால் இந்தக் கதையில் ரவீந்திரநாத் தாகூர் இருக்கிறார், ராஜஸ்தானில் பிறந்த ஒரு முன்னாள் ஜைனத் துறவி இருக்கிறார், தஞ்சாவூரில் பிறந்த ஒரு பொருளாதார அறிஞரும் இருக்கிறார். அதோடு, 'வேலையை விட்டுட்டு ஆறு மாசம் சஸ்டைனபிள் லிவிங் கோர்ஸ் போகலாமா?' என்று ஒரு தடவையாவது யோசித்தவர்களுக்கு இதில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமும் இருக்கிறது.

டார்டிங்டன் ஹால் எங்க இருக்கு?

லண்டனிலிருந்து தென்மேற்கே, டெவனில் டாட்னஸ் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், டார்ட் ஆற்றங்கரையில் இருக்கிறது. இந்த மாளிகையை 14ஆம் நூற்றாண்டின் கடைசியில், 1388-ஐ ஒட்டிக் கட்டத் தொடங்கியவர் ஜான் ஹாலண்ட். மன்னர் இரண்டாம் ரிச்சர்டுக்கு ஒரே தாய், வேறு தந்தை வழியில் அண்ணன். ரிச்சர்ட் பதவி இழந்த பிறகு நடந்த சதியில் சிக்கி, 1400-ல் ஹாலண்டின் தலை வெட்டப்பட்டது.

16ஆம் நூற்றாண்டில் மாளிகை சாம்பர்நவுன் குடும்பத்தின் கைக்குப் போனது. 1925 வரை அவர்களிடமே இருந்தது. கடைசிக் காலத்தில் பராமரிக்க முடியாமல் கட்டடங்கள் சிதைந்து, நடுவில் இருந்த பெரிய கூடத்துக்குக் கூரைகூட இல்லாமல் போயிற்று.

இது டார்டிங்டனுக்கு மட்டும் நேர்ந்த கதி இல்லை. விவசாய வருமானம் குறைந்தது, வாரிசு வரி ஏறியது, முதல் உலகப்போருக்குப் பிறகு வீட்டு வேலைக்கு ஆள் கிடைப்பது கஷ்டமானது. 20ஆம் நூற்றாண்டில் மட்டும் இங்கிலாந்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிராமப்புற மாளிகைகள் இடிக்கப்பட்டன. தப்பியவற்றில் பல, ஹோட்டலாகவோ பள்ளியாகவோ அருங்காட்சியகமாகவோ மாறின. டார்டிங்டன் போன பாதை வேறு. அந்தப் பாதை வங்காளத்திலிருந்து வந்தது.

தாகூருக்கும் இந்த மாளிகைக்கும் என்ன சம்பந்தம்?

லெனர்டு எல்ம்ஹர்ஸ்ட் என்ற ஆங்கிலேய இளைஞர், முதல் உலகப்போர் காலத்தில் இந்தியாவுக்கு வந்தார். இங்கே கிராமங்களின் நிலையைப் பார்த்துவிட்டு, விவசாயம் படிக்க அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போனார். நியூயார்க்கில் தாகூரைச் சந்தித்தார். 'என் பள்ளியைச் சுற்றியுள்ள கிராமங்கள் ஏன் நலிந்துபோகின்றன என்று வந்து பாருங்கள்' என்பதுதான் தாகூர் அவருக்குத் தந்த வேலை.

1921 இறுதியில் எல்ம்ஹர்ஸ்ட் சாந்திநிகேதன் வந்து சேர்ந்தார். 1922 பிப்ரவரியில் பக்கத்து ஊரான சுருலில் கிராம மறுசீரமைப்பு நிலையம் தொடங்கியது. அதுதான் பின்னாளில் ஸ்ரீநிகேதன். பயிர், கால்நடை, மலேரியா ஒழிப்பு, நெசவு, கூட்டுறவு எல்லாம் அங்கே பாடம். கழிவறை வேலை உட்பட நிலையத்தின் எல்லா வேலையையும் மாணவர்களே செய்ய வேண்டும் என்று எல்ம்ஹர்ஸ்ட் ஏற்பாடு செய்தார். சாதி பார்த்து வேலை பிரித்திருந்த ஊரில் அது சின்ன விஷயம் இல்லை.

இதற்கெல்லாம் பணம் தந்தவர் டோரதி. அமெரிக்காவின் பெரும் பணக்காரக் குடும்பங்களில் ஒன்றான விட்னி குடும்பத்தின் வாரிசு. 1925-ல் லெனர்டும் டோரதியும் திருமணம் செய்துகொண்டார்கள். ஸ்ரீநிகேதன் மாதிரி ஒன்றை இங்கிலாந்தில் தொடங்க அதே ஆண்டில் டார்டிங்டனை வாங்கினார்கள். டெவன் பக்கம் இடம் தேடச் சொன்னதே தாகூர்தான் என்று சொல்லப்படுவதுண்டு.

கூரை மீண்டும் எழுந்தது. சுற்றியிருந்த நிலத்தில் பண்ணை, மர அறுவை ஆலை, துணி ஆலை என்று தொழில்கள் வந்தன. அடி, தேர்வு பயம் இல்லாத ஒரு பள்ளி 1926-ல் தொடங்கியது. அதில் படித்த மைக்கேல் யங்தான் பின்னாளில் பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கு வித்திட்டவர். தாகூரே டார்டிங்டனுக்கு வந்து தங்கினார். தான் வரைந்த ஓவியங்களை எல்ம்ஹர்ஸ்ட் தம்பதிக்குப் பரிசாகக் கொடுத்தார். இந்த ஓவியங்கள் இன்னொரு முறை கதைக்குள் வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பண்ணையும் ஆலைகளும் சொந்தக் காலில் நிற்கும் என்பது திட்டம். ஆனால் பல தொழில்கள் எதிர்பார்த்த லாபத்தைத் தரவில்லை. குறைந்ததை ஈடுகட்டியது டோரதியின் சொத்து. 1930களில் எஸ்டேட் ஓர் அறக்கட்டளையின் கைக்கு மாறியது. டோரதி 1968-லும் லெனர்டு 1974-லும் காலமானார்கள்.

ஷூமாக்கர் யார்? அந்தத் தஞ்சாவூர்க்காரர் யார்?

ஈ.எஃப். ஷூமாக்கர் 1911-ல் ஜெர்மனியின் பான் நகரில் பிறந்த பொருளாதார நிபுணர். பிரிட்டனில் குடியேறி, 1950 முதல் 1970 வரை அந்நாட்டின் தேசிய நிலக்கரி வாரியத்தில் ஆலோசகராக இருந்தார். நிலக்கரித் துறையில் உட்கார்ந்திருந்த இந்த மனிதர்தான், பூமிக்கடியில் கிடக்கும் எரிபொருள் ஒரு தடவை செலவழித்தால் திரும்பி வராத முதல், அதை வருமானம்போல் எண்ணிச் செலவு செய்கிறோம் என்று எச்சரித்தார்.

1955-ல் பர்மா அரசுக்கு ஆலோசனை சொல்லப் போன பயணம் அவரை மாற்றியது. பெரிய இயந்திரமும் பெரிய ஆலையும்தான் வளர்ச்சி என்ற எண்ணத்தை அவர் கைவிட்டார். 1973-ல் வெளிவந்த அவருடைய 'ஸ்மால் இஸ் பியூட்டிஃபுல்' உலகம் முழுக்கப் பேசப்பட்டது.

அந்த நூலில், பௌத்தப் பொருளாதாரம் பற்றிய கட்டுரையில் அவர் மேற்கோள் காட்டுபவர்களில் ஒருவர் ஜே.சி. குமரப்பா. 1892-ல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்குத் தணிக்கையும் அமெரிக்காவில் பொருளாதாரமும் படித்தவர். காந்தியுடன் சேர்ந்து அகில இந்திய கிராமத் தொழில்கள் சங்கத்தை நடத்தினார். சிறையில் இருந்தபோது 'எகானமி ஆஃப் பெர்மனன்ஸ்' என்ற நூலை எழுதினார். பெயரிலேயே விஷயம் இருக்கிறது: நிலைத்து நிற்கும் பொருளாதாரம். இரையைக் கொன்று தின்னும் புலி ஒரு மாதிரி, சேர்ந்து உழைத்துச் சேமிக்கும் தேனீ இன்னொரு மாதிரி, மனிதர்களின் பொருளாதாரம் எந்தப் பக்கம் போகணும் என்பது அவர் கேள்வி. 'சஸ்டைனபிள்' என்ற சொல் மீட்டிங் ரூமுக்குள் வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே அவர் இதை எழுதிவிட்டார். கடைசிக் காலத்தை மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியில் கழித்து, 1960-ல் மறைந்தார்.

வேலை என்பது சம்பளத்துக்காகச் சகித்துக்கொள்ளும் சுமை மட்டும் இல்லை, சரியாக அமைந்தால் அது செய்பவரையும் வளர்க்கும் என்பதைச் சொல்லத்தான் ஷூமாக்கர் குமரப்பாவைத் துணைக்கு அழைக்கிறார். இந்த ஒரு கருத்துதான் பிறகு டார்டிங்டன் சமையலறை வரை போனது.

கல்லூரியை ஆரம்பிச்சது யாரு?

சதீஷ் குமார். 1936-ல் ராஜஸ்தானில் பிறந்தவர். 9 வயதில் ஜைனத் துறவியானார். 18 வயதில் அதை விட்டு வெளியேறி, வினோபா பாவேயின் பூதான இயக்கத்தில் சேர்ந்தார். 1962-ல் நண்பர் ஈ.பி. மேனனுடன் டெல்லியிலிருந்து நடக்கத் தொடங்கினார். அணு ஆயுதம் வைத்திருந்த நான்கு நாடுகளின் தலைநகரங்களான மாஸ்கோ, பாரிஸ், லண்டன், வாஷிங்டன் ஆகியவற்றை நோக்கி, கையில் காசு இல்லாமல் ஓர் அமைதிப் பயணம். சுமார் 8,000 மைல். கடல் குறுக்கே வந்த இடங்களில் மட்டும் கப்பல்.

1973-ல் பிரிட்டனில் தங்கி 'ரிசர்ஜன்ஸ்' பத்திரிகைக்கு ஆசிரியரானார். ஷூமாக்கர் அதில் தொடர்ந்து எழுதியவர். டார்டிங்டன் பள்ளி 1987-ல் மூடப்பட்ட பிறகு, எஸ்டேட்டில் கல்விக்காக வேறு என்ன செய்யலாம் என்ற பேச்சு வந்தது. அதன் விளைவுதான் ஷூமாக்கர் கல்லூரி. 1991 ஜனவரியில் முதல் வகுப்பு. பூமியை ஒரே உயிர்போல் தன்னைத்தானே சீராக்கிக்கொள்ளும் அமைப்பாகப் பார்க்கும் 'கையா' கோட்பாட்டைத் தந்த ஜேம்ஸ் லவ்லாக்தான் முதல் ஆசிரியர்.

அப்படி என்னதான் சொல்லிக்கொடுத்தாங்க?

கல்லூரியின் அடிப்படை மூன்று சொற்கள்: தலை, இதயம், கை. படிப்பு, உணர்வு, உடல் உழைப்பு மூன்றும் சமம். எஸ்டேட்டில் இருந்த 'ஓல்டு போஸ்டர்ன்' என்ற பழைய கட்டடத்தில் மாணவர்களும் ஆசிரியர்களும் தங்கினார்கள். காலையில் கூடிப் பேசி, அன்றைய வேலையைப் பிரித்துக்கொள்வார்கள். ஒரு குழு காய் நறுக்கும், ஒரு குழு தோட்டத்துக்குப் போகும், ஒரு குழு கூட்டிப் பெருக்கிக் கழிவறை கழுவும். அதற்குப் பிறகு வகுப்பு. சாப்பாடு சைவம், தோட்டத்துக் காய்கறியும் அதில் சேரும். உலகப் புகழ்பெற்ற பேராசிரியர் பேச வந்திருந்தாலும், சாப்பிட்டதும் பாத்திரம் கழுவுமிடத்தில் அவருக்கும் ஓர் இடம் உண்டு.

முதலில் சில வாரக் குறுகிய படிப்புகள். 1998-ல் பிளிமத் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரத்தோடு முழுமை அறிவியல் என்ற எம்.எஸ்சி. படிப்பு வந்தது. பின்னர் பொருளாதாரம், தோட்டக்கலை, வடிவமைப்பு என்று விரிந்தது. வந்தனா சிவா, ஃபிரிட்ஜாஃப் காப்ரா, ஆர்னே நெஸ் போன்றவர்கள் அங்கே பாடம் எடுத்திருக்கிறார்கள். பட்டத்தைவிட, பல நாட்டு மனிதர்களோடு ஒரே கூரையின் கீழ் சமைத்து, சண்டை போட்டு, சமாதானமாகி வாழும் அனுபவம்தான் அங்கே முக்கியமான பாடம்.

அப்புறம் ஏன் நின்னு போச்சு?

கல்லூரி ஒரு தனி நிறுவனம் இல்லை, டார்டிங்டன் அறக்கட்டளையின் ஒரு பிரிவு. நிலம், கட்டடம், வங்கிக் கணக்கு எல்லாம் அறக்கட்டளையுடையது. அறக்கட்டளையோ பல ஆண்டுகளாக வரவுக்கு மேல் செலவு என்ற நிலையில் இருந்தது.

டார்டிங்டன் ஹால், பிரிட்டனின் பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் முதல் தரத்தில் இருக்கிறது. பெருமைதான். ஆனால் அந்தப் பட்டியலில் இருக்கும் கட்டடத்தில் தன்மையை மாற்றும் எந்த வேலைக்கும் தனி அனுமதி வேண்டும். கல், ஓக் மரம், காரை எல்லாம் பழைய முறைக்குப் பொருந்த வேண்டும். அதற்கான கொத்தனாரும் தச்சரும் குறைவு, கூலி அதிகம். குளிர்நாட்டில் தடித்த கல் சுவரும் உயர்ந்த கூடமும் கொண்ட கட்டடத்தைச் சூடாக வைத்திருப்பதே பெரிய செலவு. இதைச் சமாளிக்க ஹோட்டல் அறைகள், திருமணங்கள், மாநாடுகள், சினிமா என்று அறக்கட்டளை பலவழியில் வருமானம் தேடியது. 2020-ல் கொரோனா வந்தபோது அடிபட்டதும் இந்த வருமானங்கள்தான்.

2010 ஜூனில், தாகூர் அன்பளிப்பாகத் தந்த ஓவியங்களில் 12-ஐ அறக்கட்டளை லண்டனில் சோதபீஸ் நிறுவனம் மூலம் ஏலத்தில் விட்டது. இந்தியாவில், குறிப்பாக வங்காளத்தில், எதிர்ப்பு எழுந்தது. ஏலம் நடந்தது. கிடைத்த தொகை சுமார் 16 லட்சம் பவுண்டு. அதே ஆண்டில், எஸ்டேட்டில் இருந்த டார்டிங்டன் கலைக் கல்லூரியும் ஃபால்மத் நகருக்கு இடம்பெயர்ந்தது. பள்ளி போனது, கலைக் கல்லூரி போனது, ஓவியங்கள் போயின. 2024-ல் ஷூமாக்கர் கல்லூரியின் முறை வந்தது.

கல்லூரிக்குள்ளேயும் ஒரு சிக்கல் இருந்தது. சின்ன வகுப்பு, தங்குமிடம், சாப்பாடு, நெருக்கமான கவனிப்பு: இவைதான் அதன் பலம். ஆனால் 20 பேருக்கு நடத்தும் வகுப்பில் கட்டணத்தை ஓரளவுக்கு மேல் ஏற்ற முடியாது. ஏற்றினால், வசதியானவர்கள் மட்டுமே எளிமையைக் கற்றுக்கொள்ள வரும் இடமாக அது மாறிவிடும்.

ஷூமாக்கர் தன் நூலின் கடைசிப் பகுதியில் அளவைப் பற்றி மட்டும் பேசவில்லை, உடைமையைப் பற்றியும் பேசுகிறார். ஸ்காட் பேடர் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் உரிமையாளர் அதைத் தன் ஊழியர்களுக்கே ஒப்படைத்ததை அங்கே எடுத்துக்காட்டாகச் சொல்கிறார். அவர் பெயரில் நடந்த கல்லூரியிலோ, சமைத்தவர்களும் தோட்டம் போட்டவர்களும் பாடம் எடுத்தவர்களும் அந்தக் கூரைக்குச் சொந்தக்காரர்கள் இல்லை. மூடுவதா வேண்டாமா என்ற முடிவு அறக்கட்டளையின் கையில் இருந்தது. ஆறு நூற்றாண்டு மாளிகையைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பும் அதே அறக்கட்டளைக்குத்தான். இரண்டையும் சேர்த்துத் தூக்க முடியாதபோது, கல்லூரியைத்தான் இறக்கிவைத்தார்கள்.

எல்லாம் முடிஞ்சு போச்சா?

இல்லை. முன்னாள் மாணவர்களும் ஆசிரியர்களும் வேறு வடிவில் பணியைத் தொடர முயற்சி எடுத்தார்கள். அதற்கு முன்பே இந்த யோசனை ஊர் தாண்டிப் போயிருந்தது.

2001-ல் வந்தனா சிவா, ஷூமாக்கர் கல்லூரியின் ஒத்துழைப்போடு டேராடூன் அருகே நவதான்யா பண்ணையில் 'பீஜ வித்யாபீடம்' தொடங்கினார். விதைப் பாதுகாப்பு, இயற்கை விவசாயம், தங்கிப் படிக்கும் முறை. அங்கே இருப்பது மாளிகை இல்லை, பண்ணை. வங்காளத்திலிருந்து டெவனுக்குப் போன கிராமக் கல்வி, சுமார் 75 ஆண்டு கழித்து இமயமலை அடிவாரத்துக்குத் திரும்பியது.

பக்கத்து ஊரான டாட்னஸில் 2006-ல் ராப் ஹாப்கின்ஸ் 'டிரான்சிஷன் டவுன்' இயக்கத்தைத் தொடங்கினார். அவர் கல்லூரியிலும் பாடம் எடுத்தவர். எண்ணெயை நம்பாமல் ஓர் ஊர் எப்படி வாழலாம் என்ற கேள்வியோடு தொடங்கிய இயக்கம், பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. ஊருக்குள்ளேயே செலவாகும் 'டாட்னஸ் பவுண்டு' நோட்டுகூட 2007-ல் வந்தது. மக்கள் கார்டுக்கும் மொபைலுக்கும் மாறியதால் 2019-ல் அது நிறுத்தப்பட்டது. நோட்டு நின்றது, இயக்கம் நிற்கவில்லை. ஸ்ரீநிகேதனும் விஸ்வபாரதி பல்கலைக்கழகத்தின் அங்கமாக இன்றும் இயங்குகிறது.

முக்கிய ஆண்டுகள், ஒரே பார்வையில்

- 1388-1400: டார்டிங்டன் ஹால் கட்டப்பட்ட காலம்
- 1922: சுருலில் கிராம மறுசீரமைப்பு நிலையம் தொடக்கம்
- 1925: எல்ம்ஹர்ஸ்ட் தம்பதி டார்டிங்டனை வாங்கினர்
- 1973: ஷூமாக்கரின் 'ஸ்மால் இஸ் பியூட்டிஃபுல்' வெளியீடு
- 1991: ஷூமாக்கர் கல்லூரியின் முதல் வகுப்பு
- 1998: முதல் எம்.எஸ்சி. படிப்பு
- 2001: டேராடூன் அருகே பீஜ வித்யாபீடம்
- 2010: தாகூரின் 12 ஓவியங்கள் ஏலம்
- 2024: பட்டப் படிப்புகள் நிறுத்தம்

இந்த மாதிரி இடத்துல சேரணும்னா, முதல்ல என்ன கேட்கணும்?

இயற்கை விவசாயம், மண் வீடு, பெர்மாகல்ச்சர் என்று தங்கிப் படிக்கும் மையங்கள் இந்தியாவிலும் பல இருக்கின்றன. ஊரில் பூட்டிக்கிடக்கும் தாத்தா வீட்டை அப்படி ஒரு மையமாக மாற்றலாமே என்று கனவு காண்பவர்களும் உண்டு. இரண்டு தரப்புக்கும் டார்டிங்டன் தரும் கேள்விகள் இவை.

முதலாவது, இடம் யாருடையது? நடத்துபவர்களே உரிமையாளர்களா, அல்லது வேறு யாராவது ஒருநாள் 'போதும்' என்று சொல்லிவிட முடியுமா?

இரண்டாவது, கட்டடத்தின் செலவு எவ்வளவு, படிப்பின் செலவு எவ்வளவு? இரண்டையும் ஒரே கணக்கில் எழுதும் இடங்களில், மழைக்காலத்தில் கூரை ஒழுகும்போது முதலில் குறைக்கப்படுவது ஆசிரியர் சம்பளமாக இருக்கலாம்.

மூன்றாவது, பட்டம் அல்லது சான்றிதழை யார் தருகிறார்கள்? பாதியில் மூடினால் படிப்பை முடிக்க வேறு வழி இருக்கிறதா? ஷூமாக்கர் கல்லூரி மாணவர்களுக்குப் பின்னால் ஒரு பல்கலைக்கழகமாவது இருந்தது.

நான்காவது, வேலையை எல்லோரும் செய்கிறார்களா? மாணவர்கள் தோட்டத்தில் போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, பின்கட்டில் யாரோ ஒரு அக்கா எல்லாருக்கும் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தால், அங்கே சொல்லிக்கொடுக்கப்படும் பாடத்தைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும்.

ஐந்தாவது, அங்கிருந்து திரும்பியவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள்? விளம்பரப் பக்கத்தில் இருப்பவர்களை விட்டுவிட்டு, வேறு இரண்டு பேரிடம் பேசிப் பாருங்கள்.

இந்தக் கேள்விகளுக்கு நேராகப் பதில் சொல்லும் இடம் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. டெவனில் கூரை ஏற்றிய காலத்தில் எல்ம்ஹர்ஸ்ட் தம்பதியிடம் பணத்துக்குக் குறைவில்லை. சுருலில் அவர் தொடங்கியபோது இருந்தது ஒரு பழைய வீடும், கொஞ்சம் நிலமும், வேலை செய்யத் தயாராக இருந்த சில மாணவர்களும்தான்.